மஞ்சள் நீரில் கழுவிய கைப்பிடி

ஒரு செம்பில் மஞ்சள் நீர் வந்தது. கொண்டுவந்தவன் அதை மோட்டார் வண்டியின் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினான். ஊர்த் தலைவரான பட்டேலின் மைத்துனன் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து, வண்டியின் முகப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த, என்ஜினைக் கிளப்பச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியின்மேல் அந்த நீரை ஊற்றினான். கைப்பிடியிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் மஞ்சள் நீர் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு புழுதியில் விழுந்தது.

அவன் மறுபடி ஊற்றினான்.

"கொஞ்சமா ஊத்துங்க" என்றான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த முனிசாமி. "மேல கரண்டுப் பெட்டி கீது. அதுல தண்ணி பட்டா வண்டி நாளைக்குத்தான் நவுரும். சாமியும் இங்கியேதான் நிக்கும்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. முனிசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்தச் சம்பவத்தை அப்போதே நான் எழுதி, சென்னையில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கோலார் தங்கவயலின் ஊரிகத்திலிருந்து அதற்குச் செய்தி எழுதியவன் நான்தான். அச்சில் வந்தது இரண்டு வரி: தங்கவயல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மோட்டார் வண்டி பழுதாகி நின்றதால் தேரோட்டம் சற்றுத் தாமதமாயிற்று என்று.

வண்டி பழுதாகவில்லை. இத்தனை வருஷம் கழித்துத் திருத்தம் போடுகிறேன்.

வெடி மருந்தும் பெட்ரோலும்

சென்ற வாரம் ஊரிகத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கிய கதையை எழுதியிருந்தேன். மோட்டார் வண்டி வந்தது அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு. ரயிலில், வைக்கோல் திணித்த மரப் பெட்டிக்குள் வந்தது. சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துரைக்கு உரியது. அதை ஓட்ட ஒரு வெள்ளைக்கார மெக்கானிக்கும் கூடவே வந்திறங்கினான்.

முனிசாமி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். என்னைவிடச் சில வயது மூத்தவன். லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசை. அடக்கம் என்ற குணத்தை அவனிடம் நான் ஒருநாளும் கண்டதில்லை. மெக்கானிக் சொல்லும் இரும்புச் சாமான்களை அராவிக் கொடுப்பதுதான் அவனுக்கு இட்ட வேலை. அராவிய சாமான் எங்கே போய் மாட்டுகிறது என்று பார்த்துப் பார்த்தே வண்டி முழுவதையும் தெரிந்துகொண்டான். அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லவும் செய்தான்.

நான் ஒருமுறை, பத்திரிகைக்காரன் கேட்கிற மாதிரி, இது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"உங்கப்பன் கீழ இன்னா வேல செஞ்சாரு ரைட்டரே?" என்று திருப்பிக் கேட்டான். நான் பத்திரிகைக்கு எழுதுவதால் எனக்கு அந்தப் பெயர்.

"வெடி வைக்கிற வேலை."

"அதேதான் இதுவும். பாறையில ஓட்ட போட்டு மருந்து வெக்கிறோம். குச்சியால குத்திக் கெட்டிக்கிறோம். வெடிக்கிறோம். பொகை போவுற வரைக்கும் நிக்கிறோம். அப்பறம் மறுபடியும் மருந்து. இந்த வண்டியில ஓட்டைக்கு சிலிண்டருனு பேரு. பெட்ரோலைக் காத்தோட கலந்து பனி மாதிரி உள்ள இழுக்குது. அது மருந்து வெக்கிறது. பிஸ்டன்னு ஒரு ஒலக்கை மேல வந்து நெருக்குது. அது கெட்டிக்கிறது. நெருப்புப் பொறி விழுது. வெடி. அந்த வெடியிலதான் பிஸ்டன் கீழ போவும், தண்டு சுத்தும். அப்பறம் பொகை வெளிய போவணும். அவ்ளோதான். நம்ம வெடி ஒரு ஷிப்டுக்கு ஒரு வாட்டி. இது கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள பல வாட்டி."

இன்றைக்கு மோட்டார் என்ஜினைப் பற்றிப் படம் போட்ட புத்தகங்கள் வந்துவிட்டன. அவற்றில் இருப்பது இதற்குமேல் அதிகமில்லை.

மற்றவற்றையும் இதே போலத்தான் சொன்னான். என்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரம் தன்பாட்டுக்கு நிற்கும். இரண்டையும் சேர்ப்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. பெயர் கிளச்சு. காலை எடுத்தால் கூம்பு போய்ப் பற்றிக்கொள்ளும், மிதித்தால் விட்டுவிடும். அந்தத் தோலுக்கு அவன் விளக்கெண்ணெய் தடவுவான். அதற்கப்பால் பெட்டிக்குள் பல் சக்கரங்கள். மேடேறச் சின்னது, சமதரைக்குப் பெரியது. அதிலிருந்து சங்கிலி பின் சக்கரத்துக்குப் போகும். வெடியின் சூட்டில் இரும்பு உருகாமலிருக்கத் தண்ணீர் சுற்றி வரும். அந்தத் தண்ணீர் கொதித்தால் முன்மூடியிலிருந்து ஆவி சீறும்.

இவை எல்லாவற்றையும்விட அவன் மரியாதையோடு தொட்டுக் காட்டியது ஒரு சிறிய பித்தளை லிவரை. திசைமாற்றும் சக்கரத்துக்குக் கீழே, ஒரு விரல் நீளத்தில் இருந்தது.

"நெருப்புப் பொறி எப்ப விழணும்னு இதுதான் சொல்லும். வண்டி ஓடுறப்ப முன்னால தள்ளணும். கைப்பிடியச் சுத்தி ஸ்டார்ட் பண்றப்ப பின்னால இழுத்துடணும். மறந்து முன்னாலயே வுட்டுட்டு ஒருத்தன் சுத்துனான்னு வெச்சுக்க. பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள வெடிச்சுடும். கெட்டிக்கிறவன் கைய எடுக்குறதுக்குள்ள திரியில நெருப்பு வெச்சா இன்னா ஆவும்? கைப்பிடி எதிர்ப்பக்கம் ஒதைக்கும். மணிக்கட்டு அம்பேல்."

வெள்ளைக்கார மெக்கானிக்குக் கடைசியில் அதுதான் நடந்தது. ஒரு காலையில், முந்தின இரவின் மயக்கம் தெளியாமல் வந்து கைப்பிடியைச் சுற்றினான். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள். பெங்களூருக்குச் சிகிச்சைக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் முனிசாமி, யாரும் கேட்காமலேயே, வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினான். துரை அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

செருப்பைக் கையிலெடுக்கும் தெரு

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பேத்தமங்கலம் நீரேற்று நிலையத்துக்குப் போகிற வழியில் அந்தக் கிராமம் இருந்தது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும்.

வண்டிப் பாதை அந்த ஊரின் பெரிய தெரு வழியாகத்தான் போகும். தெருவைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு அடியில் ஒரு மணல் தடம் உண்டு. மாட்டு வண்டியே அங்கே திணறும்.

நாங்கள் சேரி ஜனங்கள். அந்தத் தெருவின் தலைப்பில் வந்ததும் எங்கள் ஆட்கள் மாட்டு வண்டியிலிருந்து இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடையை மடக்க வேண்டும். தெரு முடிந்த பிறகு ஏறலாம், போட்டுக்கொள்ளலாம், விரிக்கலாம். பெண்களுக்கும் நோயாளிகளுக்கும்கூட இதில் விலக்கு கிடையாது. வடஆற்காட்டிலிருந்து கால்நடையாக வந்தபோது, இதைப் போன்ற தெருக்களைக் கடக்கக் கடக்கச் செருப்பு காலில் இருந்ததைவிடக் கையில் இருந்ததுதான் அதிகம் என்று என் தகப்பனார் சொல்வார். அதையும் ஒரு வேடிக்கை போலத்தான் சொல்வார். எனக்கு அது வேடிக்கையாகப் பட்டதே இல்லை.

அந்தத் தெருக்காரர்களிலும் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். அதிகாலை ஷிப்டுக்கு எங்களோடு ஒரே கூண்டில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாதாளத்துக்கு இறங்குவார்கள். அங்கே விலகி நிற்க இடமில்லை. மேலே வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

துரை பின்னால் உட்கார்ந்திருந்த வரைக்கும் முனிசாமி அந்தத் தெருவில் வண்டி ஓட்டியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்கள். கும்பிடு துரைக்குத்தான். முனிசாமி ஒவ்வொரு முறையும் தலையசைத்து அதை வாங்கிக்கொள்வான்.

"உனக்கா கும்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"முன்னால உக்காந்துகினு கீறவன் மேலதானே மொதல்ல படுது" என்றான்.

அன்று நடந்தது

அன்று துரை விடியற்காலையிலேயே குதிரையில் குழாய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டே பேத்தமங்கலம் போய்விட்டார். இருட்டுவதற்குள் வண்டி அங்கே வந்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் முனிசாமி மறுபடி அரத்தைப் பிடிக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். பெங்களூரிலிருந்து ஓட்டக் கற்றவன் ஒருவனை வரவழைக்கும் பேச்சு ஆபீசில் ஏற்கெனவே இருந்தது.

நீரேற்று நிலையத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

தெருவின் தலைப்பில் இரண்டு மாட்டு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். முனிசாமி கிளச்சை மிதித்து, பிரேக் போட்டு நின்றான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டேலின் மைத்துனன் முன்னால் வந்தான். எனக்குத் தெரிந்து அவன் எந்த வேலையும் செய்ததில்லை. பட்டேலின் அதிகாரத்தில் பாதியை மட்டும் அவன் பார்த்துக்கொண்டான்.

"ஒரேய், திகு" என்றான் தெலுங்கில். இறங்கு என்று அர்த்தம். அவர்கள் பேசிய தெலுங்கை இனிமேல் தமிழிலேயே எழுதுகிறேன்.

"துரை வண்டி. துரைய கூட்டினு வரப் போறேன்" என்றான் முனிசாமி.

"துரை இருந்தா அது துரை வண்டி. நீ மட்டும் உட்கார்ந்தா எங்க தெருவுல அது என்ன வண்டி? இறங்கு. பூட்ஸைக் கழற்று. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போ."

"தள்ளணுமா? அதுவே போவும்."

"இறங்கு."

"எறங்கிடட்டுமா? ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"இறங்குடா."

முனிசாமி என்னைப் பார்த்தான். பிறகு வண்டியை மெல்ல முன்னால் விட்டான். காளை பூட்டியிருந்தவர்கள் தாமாகவே ஒதுக்கிக்கொண்டார்கள். தெருவுக்குள் நாலு வீடு தள்ளி, இரண்டு பக்கத்துத் தாழ்வாரங்களும் மிக நெருங்கி வருகிற இடத்தில் நிறுத்தினான். பல் சக்கரத்தைச் சின்னதில் மாட்டினான். பக்கத்திலிருந்த நீண்ட பிரேக் லிவரைப் பற்றி இழுத்துப் பல்லில் பூட்டினான். கரண்டுப் பெட்டியில் செருகியிருந்த பித்தளை முளையைப் பிடுங்கினான். நெருப்புப் பொறிக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. என்ஜின் ஒரு விக்கலோடு நின்றது. முளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

பூட்ஸைக் கழற்றி, நாடாக்களை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இருவரும் அந்தத் தெருவை வெறுங்காலோடு கடைசிவரை நடந்தோம். புழுதி சுட்டது. கதவுகளுக்குப் பின்னால் வளையல் சத்தம். ஒரு நாய் மோட்டார் வண்டியின் டயரை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. தெரு முடிந்ததும் ஒரு புங்க மரம். முனிசாமி அதன் நிழலில் உட்கார்ந்து, பூட்ஸை மாட்டி, நிதானமாக நாடா கட்டினான்.

"வண்டி?" என்றேன்.

"எறங்கி நடக்கச் சொன்னாங்க. நடந்துட்டோம்."

"இருட்டறதுக்குள்ள பேத்தமங்கலம் போகலைன்னா உன் வேலை போயிடும்ணா."

"தெரியும்."

"அப்புறம்?"

"காதத் தீட்டிக் கேளு ரைட்டரே."

அப்போதுதான் எனக்குக் கேட்டது. பெரிய தெருவில் வந்து சேரும் கோயில் வீதியில் மேளம். கோயில் வாசலில் மரத்தேர் புறப்பட்டுவிட்டது. பெரிய தேர் ஒன்றுமில்லை. ஆனாலும் தெருவின் அகலத்தை நிறைத்துக்கொண்டு வருகிற தேர்.

கிளம்பிய தேரைப் பின்னால் இழுக்கக் கூடாது. நடுத்தெருவில் சாமியை இரவில் நிறுத்தக் கூடாது. இது அவர்கள் வழக்கம். எங்களுக்கென்று அவர்கள் வைத்த வழக்கம் தெரிந்த அளவுக்கு, அவர்கள் வழக்கமும் எங்களுக்குத் தெரியும்.

புங்க மர நிழலில்

முதலில், ஊர் ஏவல் செய்கிற தோட்டி வந்தான். எங்கள் ஜனம்தான். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான்.

"வண்டிய எடுக்கச் சொல்றாங்கபா."

"எடுத்துக்கச் சொல்லு" என்றான் முனிசாமி.

தோட்டி குனிந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "நல்லா நெழல் கீது இங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். போகும்போது தோள் குலுங்கியது.

பிறகு ஒரு ஜோடிக் காளையைக் கொண்டுவந்து வண்டியில் கட்டிப் பார்த்தார்கள். முன்மூடி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி ஒரு சீறு சீறியதும் காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு வீட்டுத் தாழ்வாரக் கம்பத்தையும் இடித்துச் சாய்த்துவிட்டு ஓடின. ஆட்கள் கை வைத்துத் தள்ளத் தயங்கினார்கள். எங்கள் ஆள் உட்கார்ந்த வண்டி என்பது ஒரு தயக்கம். துரையின் சாமான் உடைந்தால் போலீஸ் வரும் என்பது இன்னொன்று.

தேர் மோட்டார் வண்டிக்கு எதிரே வந்து நின்றது. முட்டுக்கட்டை போடுகிறவன் ஓடிவந்து சக்கரத்தடியில் கட்டையைச் செருகினான். முனிசாமி புங்க மரத்தடியிலிருந்தே அதைக் கூர்ந்து பார்த்தான்.

"கரெக்டா போட்டான்" என்றான். "அதுவும் பிரேக்குதான்."

கடைசியில் பட்டேலே வந்தார். வயதானவர். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. நிழலுக்கு வெளியே நின்றார். நாங்கள் எழுந்து நின்றோம். நிழலைவிட்டு வெளியே வரவில்லை.

"வண்டியைத் தள்ளி அந்தப் பக்கம் விடு."

"தள்ளுனா போவாதுங்க. பல்லு மாட்டிகினு கீது. உள்ள உக்காந்து, கால்ல மிதிச்சு, கையால எடுக்கணும். உக்காந்தாதான் போவும்."

இதில் பாதிதான் உண்மை. வெளியே நின்றபடியே அந்த இரண்டு லிவர்களையும் தள்ளிவிட்டு வண்டியை உருட்டலாம். எனக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"உட்கார்ந்துதான் ஆகணுமா?"

"ஆமாங்க."

மேளம் நின்றிருந்தது. தேரின் துணிகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பட்டேல் மேற்கே சூரியனைப் பார்த்தார். முனிசாமியும் பார்த்தான். இருவருக்கும் இருட்டுக்கு முன் காரியம் ஆக வேண்டியிருந்தது. எவன் முதலில் பேசுவான் என்பதுதான் விஷயம்.

"ஏறப்பா" என்றார் பட்டேல்.

அந்தத் தெருவில் நாங்கள் திரும்பி நடந்தபோது முனிசாமியின் பூட்ஸ் காலில் இருந்தது. என் செருப்பும் காலில் இருந்தது. 

பித்தளை லிவர்

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். நான் கைப்பிடியைச் சுற்றுவதற்காக இறங்கப் போனேன். முனிசாமி என் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"எறங்காத."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னான். "எறங்குனு சொன்னீங்க, எறங்கினோம். ஏறுனு சொன்னீங்க, ஏறிட்டோம். மறுபடியும் எறங்க மாட்டோம். முன்னால கைப்பிடி கீது. யாரு எறங்கச் சொன்னாங்களோ அவங்களே வந்து சுத்தட்டும்."

மைத்துனன் பட்டேலைப் பார்த்தான். பட்டேல் தேரைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் உத்தரவு.

அப்போது வந்ததுதான், எங்கள் தீட்டைக் கழுவும் மஞ்சள் நீர்.

முனிசாமி பையிலிருந்து முளையை எடுத்துப் பெட்டியில் செருகினான். பல் சக்கரத்தை விடுவித்தான். மைத்துனன் குனிந்து, ஈரம் சொட்டும் கைப்பிடியைப் பற்றினான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. பித்தளை லிவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முன்னால் தள்ளிய நிலையில் இருந்தது. தெருவுக்குள் வரும்போது இருந்த நிலை. முனிசாமியின் விரல் அதன்மேல் இருந்தது. நகரவில்லை.

மைத்துனன் தோளை இறக்கி மூச்சை இழுத்தான். அவன் மணிக்கட்டில் ஒரு வெள்ளிக் காப்பு இருந்தது. காப்புக்கு மேலே நரம்பு புடைத்திருந்தது.

"இருங்க" என்றான் முனிசாமி.

அவன் நிமிர்ந்தான்.

"ஈரக் கையில வழுக்கும். துண்டால தொடச்சுக்குங்க. கட்டை வெரல மடக்காதீங்க, மத்த வெரலோட சேத்து வைங்க. கீழேருந்து மேல இழுங்க, ஒரே இழுப்பா."

மைத்துனன் துடைத்துக்கொண்டான். சொன்னபடி பிடித்தான். முனிசாமியின் விரல் லிவரைப் பின்னால் இழுத்தது, முழுவதும், தடை படுகிற வரைக்கும்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. குலுங்கிய வண்டிக்கு முன்னால் அந்த மனிதன் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த கையை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முனிசாமி அவனுக்குத் தலையசைத்தான். கும்பிடு வாங்கும்போது அசைக்கும் அதே அசைப்பு.

வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு சந்தில் ஒதுக்கினான். இறங்காமல், என்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தான். தேர் எங்களைக் கடந்து போனது. அவ்வளவு அருகில் நான் அந்தச் சாமியைப் பார்த்தது அன்றுதான். பிறகு நாங்கள் அந்தத் தெரு முழுவதையும் உட்கார்ந்தபடியே கடந்தோம்.

பேத்தமங்கலத்தில் ஏரித் தண்ணீர் அந்தி வெயிலில் இன்னும் சிவப்பாக இருந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

பின்னர் அந்த ஊரிலிருந்து புகார் போனது. ஏரியடித் தடத்தில் போகும்படி ஆபீசில் சொன்னார்கள். மணல் சங்கிலியைத் தின்றுவிடும், அதற்குச் சம்மதிக்கிறவன் யாராவது இருந்தால் அவனிடம் வண்டியைக் கொடுங்கள் என்று சொல்லி, சாவியை மேஜைமேல் வைக்கிற மாதிரி அந்தப் பித்தளை முளையை வைத்தான் முனிசாமி. யாரும் அதை எடுக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டு வந்தான். அந்த வண்டி ஓய்கிற வரைக்கும் பெரிய தெரு வழியாகத்தான் போனான். மாட்டு வண்டிகள் குறுக்கே நின்றதில்லை.

அன்று தெருவைத் தாண்டிய பிறகு, பேத்தமங்கலம் போகிற வழியில், நான் அவனைக் கேட்டேன்.

"லிவர் முன்னாலதான இருந்துச்சு. ஒரு நிமிஷம் நீ அப்படியே வுட்டுடுவேன்னு நெனச்சேன்ணா."

"நானும்தான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் இழுத்த?"

முனிசாமி ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினான்.

"ஒடஞ்ச கையினா ஊரு பாவம் பாக்கும்" என்றான். "எனக்கு, நாம தொட்ட கைப்பிடியச் சுத்துன கை முழுசா இருக்கணும். அந்தக் கையாலதான் அவன் இன்னைக்கு ராத்திரி சோறு துன்னப் போறான்."